பாஸ்கரன் பூச்செடிக்கு ஊற்றிய மருந்து

மெஸ்னா குப்பியை முதன்முதலாக உடைக்கும் நாளில், புது நர்ஸுகளே, உங்களில் யாராவது ஒருவர் நிச்சயம் சுற்றுமுற்றும் பார்த்து, "இங்க யாரு அவிச்ச முட்டை கொண்டுவந்தது?" என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். நோயாளியின் காதில் விழாமல் கேளுங்கள். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை பக்கம் ஏன் தேவைப்படுகிறது என்றால், அந்தக் கேள்வியை நான் நோயாளியின் காதுக்குள்ளேயே கேட்டவன்.

முப்பத்தொரு வருடம் நர்ஸ் வேலை. அதில் கடைசிப் பதினான்கு வருடம் கீமோதெரபி பகல் மையத்தில். காலையில் வருவார்கள், நாற்காலியில் சாய்வார்கள், மருந்து ஏறும், சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள். சிங்கப்பூரில் நர்ஸை எல்லோரும் 'மிஸ்ஸி' என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். ஆறடி உயரமும் மீசையுமாக நின்ற என்னையும் சில தாத்தாக்கள் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் "வந்துட்டேன்" என்று போயிருக்கிறேன். மீசை இருக்கிறதே என்று வருத்தப்பட்டு என்ன பயன்?

முதலில் அந்த மருந்தைப் பற்றி இரண்டு வரி. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் வந்த வேலையை முடித்துவிட்டுச் சும்மா போவதில்லை. உடைந்து, கழிவாகி, சிறுநீரோடு இறங்கி, சிறுநீர்ப்பைக்குள் உட்கார்ந்துகொண்டு அதன் சுவரைப் புண்ணாக்கும். ரத்தம் வரும். சிலருக்கு நிற்காமல் வரும். மெஸ்னா அங்கே போய் அந்தக் கழிவைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. கட்டியைக் கரைப்பது அதன் வேலை இல்லை, காவல் மட்டும்தான். ஆனால் காவல்காரன் மணி பார்த்து வர வேண்டும். ஊசியில் ஒரு முறை, பிறகு சில மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை. அந்த இரண்டும் வாய் வழியாகவும் போகலாம். இரண்டில் ஒன்று தவறினாலும் வீடு திறந்து கிடக்கிறது என்று பொருள்.

சரி, இப்போது ரொஹானா என்ற நர்ஸுக்கு வருவோம். வராமல் முடியாது.

எங்கள் மையத்தில் தமிழ் பேசும் ஒரே நர்ஸ் நான். ஒன்பது வருடம் அந்தப் பட்டம் என்னிடமே இருந்தது. தமிழ் நோயாளி வந்தால் "அந்தோணியைக் கூப்பிடு." தெலுங்குக்காரர் வந்தாலும் "அந்தோணியைக் கூப்பிடு." ஒரு தடவை பங்களாதேஷ்காரர் ஒருவருக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள், நான் அரை மணி நேரம் சிரித்தே சமாளித்தேன். அவரும் சிரித்தார். யாருக்கும் எதுவும் புரியவில்லை, எல்லோரும் திருப்தியாகப் போனோம். இந்தப் பெருமையில் நான் கொஞ்சம் ஊதித்தான் போயிருந்தேன்.

அப்போது வந்து சேர்ந்தாள் ரொஹானா. மலாய்ப் பெண், முப்பத்தைந்து வயது, பாசிர் ரிஸ்ஸிலிருந்து வருவாள். வந்த முதல் நாளே மூன்றாம் நாற்காலியில் இருந்த பாட்டியிடம் குனிந்து, "ஆயா, ஊசி போடுறேன், கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், என் கையைப் புடிச்சுக்குங்க" என்றாள். கையில் இருந்த டிரேயை நான் கீழே வைத்துவிட்டேன். அம்மா வேலைக்குப் போன பிறகு எதிர்வீட்டுத் தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவளாம். மழலை வயதில் ஒட்டிக்கொண்ட தமிழ். என் தமிழைவிட நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். என் தமிழைவிட வேகமாக நோயாளிக்குள் போனது என்று சொன்னால் போதும்.

அவளை மடக்குவதற்காக ஒரு நாள் கேட்டேன்: "ரொஹானா, சிறுநீர்ப்பைன்னா என்ன?"

"மூத்திரப் பைதானே அண்ணே?"

"நோயாளிகிட்ட அப்படிச் சொல்லக் கூடாது. சிறுநீர்ப்பைன்னு சொல்லணும்."

பக்கத்து நாற்காலியில் இருந்த லாரி டிரைவர் கண்ணைத் திறந்து, "ஓ, அதுதானா சார்? நீங்க மூணு வாரமா சிறுநீர்ப்பை, சிறுநீர்ப்பைன்னு சொன்னப்ப ஏதோ கிட்னிக்குப் பக்கத்துல வேற ஒண்ணு இருக்கும்னு நினைச்சேன்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். மருத்துவ நூல்களில் அதற்கு மாத்திரை எழுதியிருக்கிறது. நானும் போட்டுப் பார்த்தேன், குறையவில்லை.

பிறகு ஒரு ஜனவரியில் பாஸ்கரன் வந்தார். நாற்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடத்துக்கு முன்பு கப்பல் பட்டறையில் வெல்டராக வந்து, கிராஞ்சி விடுதியில் பன்னிரண்டு பேரோடு ஓர் அறையில் படுத்து எழுந்தவர். இப்போது சூப்பர்வைசர், நிரந்தரவாசி உரிமை வாங்கி புக்கிட் பாஞ்சாங்கில் வீடு, மனைவி, பிள்ளை. வலது தொடை எலும்பின் கீழ்முனையில் கட்டி. மூன்று சுற்று கீமோ கொடுத்து அதைச் சுருக்கிவிட்டு, அறுத்து எடுப்பது திட்டம். சுருங்கினால் கால் தங்கும். சுருங்காவிட்டால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும் என்று அறுவை மருத்துவர் அவரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். ஒவ்வொரு சுற்றும் மூன்று நாள். ஒரு சுற்றைக்கூடப் பாதியில் நிறுத்த முடியாது.

முதல் சுற்றில் என்னுடைய ஆள் அவர். நான் கேன்டீனிலிருந்து காயா ரொட்டி வாங்கிவந்து கொடுப்பேன். தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் கிண்டிய காயாவைத் தடவி, வெண்ணெய் வைத்தது. ஒரே மூச்சில் இரண்டு சாப்பிட்டார். என் ஜோக்குகளுக்குச் சிரித்தார். மெஸ்னாவை மாத்திரையாகக் கொடுத்தோம். கேட்காமலேயே மணி பார்த்துப் போட்டார். "அந்தோணி சார் இருந்தா நேரம் போறதே தெரியல" என்று ரொஹானாவின் காதுபடச் சொன்னார். நான் அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

இரண்டாவது சுற்று தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்பு. அந்த வாரம் மாத்திரை சரக்கு வரவில்லை. அப்படிப்பட்ட வாரங்களில் குப்பி மருந்தையே பழச்சாற்றில் கலந்து குடிக்கக் கொடுப்போம். அதற்குத்தான் அந்த முட்டை வாசனை. நோயாளிகள் முகம் சுளிப்பார்கள். முகச்சுளிப்பைப் போக்க நான் வருடக்கணக்காக ஒரு ஜோக் வைத்திருந்தேன். முதல் நாள் கப்பை பாஸ்கரன் கையில் கொடுத்துவிட்டு அதையே எடுத்துவிட்டேன்:

"சமையக்காரன் ஸ்பெஷல். ஆம்லெட் ஜூஸ். ரெண்டு முட்டை உடைச்சு ஊத்தியிருக்கேன், மூக்கைப் புடிச்சுக்கிட்டுக் குடிச்சிடுங்க."

மற்றவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். பாஸ்கரன் சிரிக்கவில்லை. கப்பை முகர்ந்து பார்த்தார். "கொஞ்சம் கழிச்சுக் குடிக்கிறேன் சார்" என்றார்.

"குடிச்சிடணும், சரியா?"

"சரி சார்."

நான் வேறு நாற்காலிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கப் காலியாக இருந்தது. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வேளைக்கான மருந்தைச் சின்னக் குப்பியில் ஊற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். காயா ரொட்டி வாங்கிவந்து நீட்டினேன். "வேணாம் சார், மனசில்ல" என்றார்.

டீ வேளையில் ரொஹானா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். அவள் அன்று டீ குடிக்கவில்லை. போன ரமலானில் விட்டுப்போன நோன்புகளை அடுத்த ரமலான் வருவதற்குள் பிடித்து முடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, போன தடவை ரெண்டு காயா ரொட்டி சாப்பிட்டாரு. இன்னைக்கு பிஸ்கட்டைக்கூடத் திருப்பிப் பார்த்து, பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டு வெச்சிட்டாரு. தாடி வேற வளர்த்திருக்காரு. விரதமா இருக்குமோ?"

இங்கே கவனியுங்கள். அந்தக் கேள்விக்கு நான் தலையாட்டியிருந்தால் உங்களுக்கு இந்தக் கதை இல்லை. நான் தினமும் வேலைக்கு வருமுன் தேக்கா சந்தையில் தோசை சாப்பிடுகிறவன். அந்த வாரம் சிராங்கூன் சாலை முழுக்கக் கடை வாசல்களில் பித்தளைச் செம்பும் மஞ்சள் துணியும் மலைபோல் குவிந்திருந்தன. அவற்றைச் சுற்றித்தான் நடந்து வந்தேன். ஆனால் நான் ஞாயிறு தோறும் பூசைக்குப் போகிற கோயில் வேறு. எங்கள் தவக்காலம் இன்னும் வரவில்லை. எனக்கு விரதம் என்றால் அதுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: கேட்டவள் ரொஹானா.

"கீமோவுல யாருக்குப் பசிக்கும்? தாடி ஷேவ் பண்ணச் சோம்பேறித்தனம். எங்க ஆளை எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு டிரேயை எடுத்துக்கொண்டு போனாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை எட்டரைக்குப் பாஸ்கரனின் சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டையில் ரத்தத்துக்கான கட்டம் நிறம் மாறியது. கண்ணுக்குத் தெரியாத ரத்தம், ஆனால் நேற்று வரை இல்லாத ரத்தம். டாக்டரைக் கூப்பிட்டேன். இளவயது, பதறாத பெண்.

"பதினொரு மணிக்கு மறுபடி பாருங்க. கூடியிருந்தா இந்தச் சுற்றை நிறுத்தணும். மெஸ்னா எல்லாம் ஒழுங்காப் போச்சா?"

"போச்சு டாக்டர். நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அப்ப ஏன் ரத்தம்?"

நல்ல கேள்வி. பாஸ்கரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார், நிறுத்திட்டா ஆபரேஷன் தேதி என்ன ஆகும்?" என்று கேட்டார். ஜோக் ஒன்றும் வாயில் வரவில்லை. "பதினொரு மணிக்குப் பார்ப்போம்" என்றேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். எல்லா வேலைகளிலும் அடுத்தவர் மேல் பழியைத் தள்ளிவிடும் என்னைப் போன்றவர்கள் இருப்பார்கள்; அவர்களில் ஒருவராக நீங்கள் ஆகாமல் இருக்க இது உதவும். ஒன்பதரைக்கு நான் எங்கள் தலைமை நர்ஸ் சிஸ்டர் ஓங்கின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன்.

"சிஸ்டர், நேத்து அந்த மருந்தை அளந்து கலந்தது ரொஹானா. நான் குற்றம் சொல்லல. ஆனா அளவு குறைஞ்சிருக்கலாமோன்னு ஒரு சந்தேகம்."

"நீ குற்றம் சொல்லலையா?"

"இல்ல சிஸ்டர். தகவல் சொல்றேன்."

சிஸ்டர் ஓங் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "சரி லா, நான் விசாரிக்கிறேன்" என்றார்.

வெளியே வரும்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ரொம்ப நாள் வயிற்றெரிச்சலுக்கு அதுதான் முதல் நிவாரணம். பாஸ்கரனின் காலைப் பற்றிய பயமும் அந்தக் குளிர்ச்சியும் ஒரே நேரத்தில் என்னுள் இருந்தன என்பதை இன்று எழுதும்போதுகூடப் பேனா கொஞ்சம் தயங்குகிறது.

பத்து மணிக்குப் பக்கத்து நாற்காலியின் பம்ப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நடுவில் திரை. அந்தப் பக்கம் ரொஹானா பாஸ்கரனின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் குரல்:

"அண்ணே, நான் நோன்பு. தண்ணிகூட இல்ல. நீங்களும் ஏதோ பிடிக்கிறீங்க, இல்ல?"

பாஸ்கரனின் குரல் தாழ்ந்தது:

"அக்கா, யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"அது முடியாது. ஆனா திட்ட மாட்டேன். சொல்லுங்க."

"முருகனுக்கு விரதம்க்கா. கால் தங்கிடுச்சுன்னா அடுத்த வருஷம் நடந்தே பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டிருக்கேன். இந்த வருஷம் கூட்டத்துக்குப் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. விரதமாவது இருப்போம்னு."

"சரி. நேத்து அந்த மருந்து?"

"ஊத்திட்டேன்."

"எங்க?"

"பாத்ரூம்ல."

"வீட்டுக்குக் கொடுத்தது?"

"பூச்செடியில."

"செடி எப்படி இருக்கு?"

பாஸ்கரன் சிரித்தார். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. அதையும் அவள் வாங்கிக்கொண்டுபோனாள்.

"ஏன் ஊத்தினீங்க?"

"அந்தோணி சார் முட்டைன்னு சொன்னாரு."

"அவர் ஜோக் அடிக்கிறார்."

"ஜோக்குன்னு தெரியும்க்கா. ஆனா மூக்குகிட்ட கொண்டுபோனேன், முட்டை வாசனைதான் அடிச்சுச்சு. ஜோக்குல பாதி உண்மை இருந்துட்டா? ஒரு சொட்டு உள்ள போனா இருபத்தொரு நாள் விரதமும் வீணாயிடும். அப்புறம் இந்தக் காலுக்கு யாரு பொறுப்பு?"

பம்ப் என் கையில் பீப் பீப் என்று கத்தியது. நான் அதை நிறுத்தவில்லை. காலுக்காகப் பிடித்த விரதத்தைக் காப்பாற்ற, அந்தக் காலைக் காப்பாற்றுகிற மருந்துக்குக் காவலாக வந்ததைக் கொட்டியிருக்கிறார் மனிதர். கொட்ட வைத்தது நான். பாத்ரூமில் ஊற்றப்பட்ட கப்புக்கு 'குடித்தார்' என்று கையெழுத்துப் போட்டதும் நான். அந்த இடத்தில்கூட என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? 'இதை ஏன் அவளிடம் சொன்னார்? என்னிடம் ஏன் சொல்லவில்லை?'

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"பாஸ்கரன், நான் சொன்னது சும்மா. அதுல முட்டையும் இல்ல, கோழியும் இல்ல. நிஜமா சொல்றேன்."

அவர் என்னை ஒரு மாதிரி கனிவோடு பார்த்தார். "சார், நீங்க எப்பவும் இப்படித்தான் முகத்தை சீரியஸா வெச்சுக்கிட்டுப் பேசுவீங்க. கடைசியில ஜோக்காயிடும்."

"இல்ல, இது ஜோக் இல்ல."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க. ஜோக் இல்லன்னுட்டு, தலை முடி கொட்டாது, பறந்து போயிடும்னீங்க."

உண்மை. சொல்லியிருந்தேன். முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக ஒரு நோயாளி என்னை நம்ப வேண்டிய அவசியம் வந்தபோது, நம்பும்படி என்னிடம் ஒரு முகம் இல்லை. எல்லா முகத்தையும் ஜோக்குக்குச் செலவழித்திருந்தேன்.

வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தேன். "ரொஹானா, நீ சொல்லேன்."

அந்த மூன்று சொற்கள் என் தொண்டையிலிருந்து வெளியே வரப் பட்ட பாடு, மெஸ்னா குடிப்பவர்கள் பட்டதைவிட அதிகம்.

அவள் என்னைக் கேட்டாள், "சல்ஃபருக்குத் தமிழ்ல என்ன அண்ணே?"

"கந்தகம். தீக்குச்சி உரசினா வருமே, அந்த வாசனை."

அவள் பாஸ்கரனிடம் திரும்பி, "அண்ணே, அது தீக்குச்சியில இருக்கிற சாமான். முட்டையிலயும் அது இருக்கிறதால ரெண்டும் ஒரே மாதிரி நாறுது. மருந்துல முட்டை இல்ல. நான் சத்தியமாச் சொல்றேன், நோன்புல பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

பாஸ்கரன் தலையாட்டினார். அதிலேயே நான் சந்தோஷப்பட்டு, மருந்து கலக்கக் கிளம்பினேன். ரொஹானா என் கையைப் பிடித்து நிறுத்தி, கதவுப் பக்கம் அழைத்துப்போனாள்.

"அண்ணே, வாய் வழியா வேணாம்."

"நம்பிட்டாரே?"

"என்னை நம்பிட்டாரு. வீட்டுல சாயங்காலம் மூடியைத் தொறக்கும்போது நான் இருக்க மாட்டேன், வாசனைதான் இருக்கும். மறுபடி சந்தேகம் வந்தா மறுபடி செடிதான். டாக்டர்கிட்ட மூணையும் ஊசியாவே கேட்போம்."

நல்ல கவனத்தோடு இந்த இடத்தைப் படியுங்கள். நான் ஒரு வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அவள் அந்த வாதத்தை ஒதுக்கிவிட்டு, பையைக் காப்பாற்றும் வழி எது என்று பார்த்தாள். ஒருவர் மனதைத் திருத்துவது நல்ல வேலைதான், அதற்கு நாளாகும். பதினொரு மணி அதுவரை காத்திருக்காது. மருந்தின் நேரத்தை நோயாளியின் நம்பிக்கையின் மேல் கட்டிவைக்காதீர்கள், உங்கள் சாமர்த்தியத்தின் மேல் கட்டவே கட்டாதீர்கள்.

டாக்டரிடம் நான்தான் பேசினேன். ஊற்றியதையும் சொன்னேன், நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு, "சரி. இப்ப காரணம் தெரிஞ்சிருச்சு" என்றார். பதினொரு மணிப் பட்டையை நானும் ரொஹானாவும் சேர்ந்து பார்த்தோம். காலையில் இருந்த நிறமேதான், கூடவில்லை. "நிறையத் தண்ணி, மூணு வேளையும் ஊசியில் மெஸ்னா, ஆரம்பிங்க" என்றார் டாக்டர்.

பாஸ்கரனிடம் சொன்னபோது அவர் முகம் தெளிந்தது. "ஊசியில போனா நாக்குக்குத் தெரியாதுல்ல சார்? அப்ப விரதத்துக்கு ஒண்ணும் இல்ல." பிறகு என்னைப் பார்த்து, "இப்ப நான் உங்களை நம்புறேன் சார். ஆனா குடிக்கச் சொல்லாதீங்க" என்றார்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. பதினொன்றுக்கு ஆரம்பித்தால் மூன்றாவது ஊசி சாயங்காலம் ஏழுக்கு. மையம் ஆறுக்கு மூடிவிடும். வார்டில் படுக்கை இல்லை. யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும்.

"நான் இருக்கேன்" என்றாள் ரொஹானா.

"நோன்பு திறக்கணும், நீ வீட்டுக்குப் போ. நான் இருக்கேன்" என்றேன். கேட்டவர்கள் என்னைப் பெரிய மனதுக்காரன் என்று நினைத்திருப்பார்கள். பெரிய மனது ஒன்றும் இல்லை. அவள் இருந்தால் அந்தப் பெயரும் அவளுக்கே போய்விடும். ஏழு மணி வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மனம் திறந்து பேசி, இழந்த இடத்தைப் பிடித்துவிடலாம் என்று திட்டம். பாஸ்கரன் மூன்றரைக்குத் தூங்கி, ஏழேகாலுக்கு மனைவி வந்து எழுப்பும் வரை குறட்டை விட்டார். சிறுநீர் கழிக்க எழுப்பிய நான்கு தடவையும் கண்ணைப் பாதி திறந்து, "அக்கா போயிட்டாங்களா?" என்றார்.

மூன்றாம் நாள் பட்டையில் ரத்தத்துக்கான கட்டம் வெளுத்துவிட்டது. அன்றும் அதே முறையில் ஊசியிலேயே கொடுத்து, சுற்றை முடித்தோம். நிறுத்தவில்லை.

அதன் பிறகு நான் சிஸ்டர் ஓங்கின் அறைக்கு மறுபடி போனேன். இந்த முறை கதவைத் திறந்தே வைத்தேன்.

"சிஸ்டர், ரொஹானா அளந்தது சரி. நான் சொன்ன தகவல் தப்பு."

"தெரியும். அன்னைக்கே அவளைக் கேட்டேன். நான்தான் அளந்தேன்னு சொன்னா. ரெண்டாவது ஆளாச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது அந்தோணி, அவர் சரியாத்தான் பார்ப்பாருன்னும் சொன்னா."

என்னைக் காப்பாற்றிப் பேசியிருக்கிறாள். அதுவும் நான் அவளைப் போட்டுக்கொடுத்த அதே நாளில். சொல்லுங்கள், ஒருத்தி இப்படி இருந்தால் பொறாமைப்படாமல் எப்படி இருப்பது?

சம்பவ அறிக்கை எழுதச் சொன்னார். 'காரணம்' என்ற கட்டத்தில் 'ஊழியரின் நகைச்சுவை. குடித்ததைப் பார்க்காமல் கையெழுத்து' என்று எழுதினேன். சிஸ்டர் படித்துவிட்டு, "அந்தோணி, இது ஜோக்கா?" என்றார்.

"இல்ல சிஸ்டர். இது ஒண்ணுதான் ஜோக் இல்லாதது."

ரொஹானாவிடம் மன்னிப்புக் கேட்கப் பேன்ட்ரிக்குப் போனேன். அவள் மதியத் தொழுகை முடித்து வந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு நீளமான உரை தயாரித்து வைத்திருந்தேன். முதல் வரியிலேயே, "தெரியும் அண்ணே. உங்களுக்கு என்மேல கொஞ்சம் எரிச்சல். எதிர்வீட்டுப் பாட்டி செத்த பிறகு தமிழ் பேச எனக்கு ஆளே இல்ல. இங்க வந்துதான் வாய் தொறந்து பேசுறேன். உங்க ஆளுங்களைப் பிடுங்கணும்னு இல்ல" என்றாள். உரையை மடித்து வைத்துக்கொண்டேன். அவள் சிரிக்காமல் சொன்னாள். அவள் முகத்தை அவள் செலவழித்திருக்கவில்லை, அதனால் நான் நம்பினேன்.

ஜோக் அடிக்காதீர்கள் என்று சொல்லவரவில்லை. அடியுங்கள். அந்த அறையில் சிரிப்பு இல்லாவிட்டால் மருந்தே ஏறாது. ஆனால் மருந்தை வைத்து மட்டும் அடிக்காதீர்கள். ஊசியை வைத்து, கேன்டீன் சாப்பாட்டை வைத்து, உங்களை வைத்து அடியுங்கள். நான் என்னை வைத்து அடிக்கிறேன், யாரும் ரத்தம் சிந்தவில்லை. பிறகு, கப் காலியானால் போதாது. தொண்டை அசைவதைப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறக்க வேண்டும்.

மூன்றாவது சுற்று முழுக்க ஊசியிலேயே முடிந்தது. கட்டி சுருங்கியது. அறுவை மருத்துவர் எலும்பில் ஒரு பகுதியை எடுத்து உலோகம் வைத்தார். கால் தங்கியது. எங்களுக்கு இதெல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெரிந்தது. பாஸ்கரன் வேறு மாடியில் இருந்தார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மையத்தின் கதவு திறந்தது. ஊன்றுகோலோடு பாஸ்கரன். மருந்துக்கு வரவில்லை, கீழே பிசியோதெரபி முடித்துவிட்டு லிஃப்ட் ஏறி வந்திருந்தார். முடி முளைத்திருந்தது. அறை முழுக்கக் கண்ணால் துழாவினார்.

"அக்கா இல்லையா சார்?"

"லீவு. ஜொகூர் போயிருக்கா. வியாழன்தான் வருவா."

"ஓ." முகம் விழுந்தது. கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, ஊன்றுகோலை என் கையில் கொடுத்தார்.

"சரி, நீங்களாச்சும் பாருங்க."

நடந்தார். ஐந்து அடி. மூன்றாவதில் கொஞ்சம் ஆடினார், நான் கையை நீட்டினேன், அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மிச்ச இரண்டையும் தானே வைத்தார். நாற்காலிகளில் சாய்ந்திருந்தவர்கள் எல்லோரும் மருந்துக் குழாய்களோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு சீனக் கிழவர் கை தட்டினார்.

"அக்கா வந்ததும் உடனே சொல்லிடுங்க சார், நான் நடந்தேன்னு."

"உடனே சொல்றேன்" என்றேன்.

அவள் வியாழக்கிழமை வந்தாள். சனிக்கிழமை சொன்னேன். அந்த ஐந்து அடியை இரண்டு நாள் நான் மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன்.